ஒரு நாள் கையில் இருக்கிறது: அடையாற்றங்கரையா, கூவக்கரையா?

சென்னைக்கு வந்த சொந்தக்காரர்களை ஒரு நாள் வெளியே கூட்டிப் போக வேண்டும். பெரியவர்களுக்குப் பார்க்க ஏதாவது, வாங்க நாலு கடை, பிள்ளைகள் ஓடியாட ஒரு பூங்கா. மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் அமைய வேண்டும், அலைச்சலும் கூடாது. தி.நகர் போனால் கடையோடு நாள் முடிந்துவிடும். மகாபலிபுரம் போனால் பாதி நாளை ஈசிஆர் தின்றுவிடும். ஊருக்குள்ளேயே இதற்குத் தோதான வட்டாரங்கள் இரண்டு உண்டு, இரண்டும் ஆற்றங்கரை. ஒன்று அடையாற்றங்கரை: கிண்டியிலிருந்து கோட்டூர்புரம், அடையாறு, பெசன்ட் நகர் வரை. மற்றது கூவக்கரை: எழும்பூரிலிருந்து சிந்தாதிரிப்பேட்டை, அண்ணா சாலை, தீவுத்திடல் வழியாக நேப்பியர் பாலம் வரை.

கேட்டால் எல்லோரும் ஒரே வரியில் தீர்ப்புச் சொல்வார்கள்: அடையாறு பச்சை, கூவம் நாற்றம். அது பாதிதான் சரி. எந்தக் கரைக்குப் போவது என்பதை ரசனையை விடக் கிழமையும் மணியும்தான் அதிகம் தீர்மானிக்கின்றன. இது தெரியாமல் கிளம்பியவர்கள்தான் பூட்டிய கேட்டுக்கு முன்னால் நின்று ஆட்டோக்காரரிடம் "அடுத்து எங்க போலாம்?" என்று கேட்கிறார்கள்.

முதலில் கிழமையைப் பாருங்கள்

செவ்வாய்க்கிழமை கிண்டி சிறுவர் பூங்காவுக்கும் அதை ஒட்டிய பாம்புப் பண்ணைக்கும் விடுமுறை. பிள்ளைகளோடு அடையாறு பக்கம் போக நினைப்பவர்களுக்கு அன்றைக்கு முக்கியமான இரண்டும் போச்சு. வெள்ளிக்கிழமை எழும்பூர் அருங்காட்சியகமும் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகமும் மூடியிருக்கும். ஆகவே வெள்ளி என்றால் அடையாறு, செவ்வாய் என்றால் கூவம். இதில் யோசிக்கவே வேண்டாம்.

ஞாயிறுதான் குழப்பம். அடையாறு பக்கம் பெரிய ஆலமரம் உள்ள பிரம்மஞான சபை (தியசாபிகல் சொசைட்டி) வளாகம் மூடியிருக்கும், சிறுவர் பூங்காவில் வரிசை நீளும், பெசன்ட் நகர் கடற்கரையில் மாலை ஐந்துக்கு மேல் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. கூவம் பக்கம் நஷ்டம் என்று பார்த்தால் எலெக்ட்ரானிக் சாமான் விற்கும் ரிச்சி தெரு மட்டும்தான். பெரும்பாலான கடைகளில் ஷட்டர் இறங்கியிருக்கும். அண்ணா சாலையோ அன்றைக்குத்தான் நிதானமாகக் கடக்கும்படி இருக்கும். ஞாயிறு பகலுக்குக் கூவக்கரையே மேல். மாலை மெரினா கூட்டத்தை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அரசு விடுமுறை நாள்களில் பட்டியல் மாறும். அருங்காட்சியகம் தேசிய விடுமுறை நாள்களில் திறக்காது. பொங்கலை ஒட்டி வரும் காணும் பொங்கல் அன்று இரண்டு கரைப் பக்கமும் தலைவைத்துப் படுக்காதீர்கள்.

ஆறு என்று பார்த்தால்

இரண்டிலுமே குளிக்க முடியாது. பார்க்கத்தான் ஆறு. அதிலும் அடையாற்றுக்கு ஒரு முகத்துவாரம் இருக்கிறது. சேறும் உப்பங்கழியும் பறவைகளுமாக அது இன்னும் உயிரோடு இருக்கிறது. பெசன்ட் நகர் கடற்கரையிலிருந்து வடக்கே ஊரூர் குப்பம் வழியாக நடந்தால் 'புரோக்கன் பிரிட்ஜ்' வரும். குப்பத்து மக்கள் பட்டினப்பாக்கம் பக்கம் போய்வர 1967-இல் கட்டிய பாலம், பத்தே ஆண்டில், 1977-இல், வெள்ளத்தில் அறுந்தது. அதன்பிறகு யாரும் ஒட்டவைக்கவில்லை. கைப்பிடிச் சுவர் பல இடங்களில் இல்லை. முனையில் நின்று செல்ஃபி எடுப்பது வேண்டாத வேலை. காவலர்கள் திருப்பி அனுப்பினால் மணலில் நின்றே பார்க்கலாம், காட்சி ஒன்றும் குறையாது.

இங்கே போக நல்ல நேரம் காலை ஆறு முதல் எட்டு, அதிலும் கடல் ஓதம் இறங்கித் தண்ணீர் வற்றியிருக்கும் வேளை. வற்றத்தில் சேற்றுத் திட்டு வெளியே தெரியும். அதில் புழு பூச்சி பொறுக்க நெடுங்கால் உள்ளானும் மடையானும் வெள்ளைக் கொக்கும் இறங்கும். கருப்பு வெள்ளை மீன்கொத்தி ஒரே இடத்தில் சிறகடித்தபடி அந்தரத்தில் நின்று, தலைகீழாகப் பாய்வதைப் பிள்ளைகள் பார்த்தால் விடமாட்டார்கள். ஓதம் ஏறும் நேரத்தில் போனால் வெறும் தண்ணீர்தான். வற்றம் எத்தனை மணிக்கு என்பதை முதல் நாளே போனில் பார்த்து வைத்துக்கொள்ளலாம். வற்றம் தொடங்கும்போது முகத்துவாரத்தில் நீரோட்டம் கடலை நோக்கி வேகமாக இழுக்கும். முழங்கால் அளவுதானே என்று இறங்கக் கூடாது.

ஏப்ரல், மே மாதங்களில் இந்த அழகு பாதிகூட இருக்காது. கடலலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே இருக்கிறது. ஆற்றில் வரத்து குறைந்ததும் அந்த மணல் வாயை அடைத்துவிடும். அடைபட்ட தண்ணீர் தேங்கி நாறும். வடகிழக்குப் பருவமழை முடிந்த டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரைதான் அடையாறு ஆறு மாதிரி இருக்கும் காலம்.

கூவத்தில் இந்த அழகெல்லாம் இல்லை. நேப்பியர் பாலத்தில் மட்டும் அது கொஞ்சம் கௌரவமாகத் தெரியும். 1869-இல் கட்டிய பாலம். பக்கத்துப் பாலம் 1999-இல் சேர்ந்தது. 2022 செஸ் ஒலிம்பியாடுக்குச் சதுரங்கக் கட்டம் வரைந்து ஊரே வந்து படமெடுத்தது இங்கேதான். நாற்றத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. காலையில் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும், ஆற்றின் வாடை முழுக்கப் பாலத்துக்கே வரும். மதியத்துக்கு மேல் கடல்காற்று திரும்பியதும் வாடை உள்ளே தள்ளப்படும். அதனால் நேப்பியர் பாலத்துக்கு மாலை ஐந்தரைக்கு மேல்தான் போக வேண்டும். விளக்கும் அப்போதுதான் எரியும்.

பூங்காவும் நிழலும்

இதில் போட்டியே இல்லை, அடையாறுதான். ஆனால் அடையாறு பக்கம் 'பூங்கா' என்று சொல்கிற இடங்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை.

பிரம்மஞான சபை வளாகம் ஏறக்குறைய 260 ஏக்கர். 1882-இல் சபை இங்கே இடம் வாங்கிக் குடியேறியது. பார்வையாளர்களை விடுவது காலையில் கொஞ்ச நேரம், பிற்பகலில் கொஞ்ச நேரம் மட்டுமே. காலைச் சுற்று பத்து மணியோடு முடிந்துவிடும் என்று வைத்துக்கொண்டு எட்டரைக்கே கேட்டில் நிற்பது நல்லது. வண்டி உள்ளே போகாது, சாப்பாடு கூடாது, பந்து விளையாட்டு கூடாது. புகழ்பெற்ற ஆலமரம் கேட்டிலிருந்து நல்ல நடை. அதன் தாய்மரம் 1989 புயலில் சாய்ந்துவிட்டது. இன்று நிற்பதெல்லாம் விழுதுகள் ஊன்றி வளர்ந்தவை. நடுவில் ஒரு பெரிய அடிமரத்தை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்து திரும்புகிறார்கள். விழுதிலிருந்து விழுதுக்கு எவ்வளவு தூரம் படர்ந்திருக்கிறது என்று சுற்றி நடந்து பார்த்தால்தான் விஷயம் புரியும். நடக்க முடியாத பெரியவர்கள் இருந்தால் இதை விட்டுவிடலாம்.

தொல்காப்பியப் பூங்கா 2011-இல் திறந்தது. அடையாறு உப்பங்கழியை மீட்டு அமைத்த 58 ஏக்கர். ஊஞ்சல், சறுக்குமரம் எதிர்பார்த்துப் போக வேண்டிய இடம் அல்ல. பறவை, பூச்சி, சதுப்புநிலத் தாவரங்களில் ஆர்வம் உள்ளவர்களுக்கு. முன்பதிவு விவரம் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஐந்து முதல் பத்து வயதுப் பிள்ளைகள் கூட இருந்தால் கிண்டி சிறுவர் பூங்கா, பக்கத்திலேயே பாம்புப் பண்ணை. இரண்டையும் சேர்த்து இரண்டரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். பிற்பகல் மூன்றுக்குள் உள்ளே போய்விடுங்கள், கடைசி நேரத்தில் ஓடினால் டிக்கெட் கவுன்ட்டர் மூடிவிடும். 1972-இல் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய பாம்புப் பண்ணையில் விளக்க நிகழ்ச்சி குறிப்பிட்ட நேரங்களில்தான். உள்ளே நுழைந்ததும் முதலில் அடுத்த நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு மற்றதைச் சுற்றுங்கள். அதே சர்தார் படேல் சாலையில் காந்தி மண்டபம், ராஜாஜி நினைவிடம், காமராஜர் நினைவிடம் எல்லாம் வரிசையாக. சமதளம், மரநிழல், உட்கார இடம். முட்டிவலிக்காரர்களுக்கு இந்த வட்டாரத்திலேயே சிறந்த இடம் இதுதான்.

கோட்டூர்புரம் ரயில் நிலையத்தை ஒட்டி ஆற்றங்கரையில் ஒரு மரப்பூங்கா உண்டு. நம் மண்ணின் மரங்களை நட்டு வளர்த்த சின்னக் காடு. தனியாக இதற்கென்று வர வேண்டாம், போகிற வழியில் அரை மணி நேரம்.

கூவம் பக்கத்தில் சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்கா, அதாவது பழைய நேப்பியர் பூங்கா. உள்ளூர்க்காரர்களுக்கு நடைப்பயிற்சிக்கு நல்ல இடம். வெளியூர் விருந்தாளிகளைக் கூட்டிப் போய்க் காட்ட ஒன்றுமில்லை. தீவுத்திடலில் சுற்றுலாப் பொருட்காட்சி நடக்கும் மாதங்களில் ராட்டினமும் டெல்லி அப்பளமும் உண்டு. மற்ற நாள்களில் வெறும் மைதானம். குதிரையேறிய மதராஸ் கவர்னர் மன்றோவின் சிலை மட்டும் அங்கவடி (கால் வைக்கும் வளையம்) இல்லாமல் நின்றுகொண்டிருக்கும்.

பார்க்க: கூவக்கரை ஜெயிக்கும் இடம்

எழும்பூர் அருங்காட்சியகம் ஒன்றுக்காகவே கூவக்கரையைத் தேர்ந்தெடுக்கலாம். 1851-இல் தொடங்கியது. ஒரே டிக்கெட், பல கட்டடங்கள். இங்கேதான் எல்லோரும் தவறு செய்கிறார்கள்: முன் கட்டடத்தில் வரிசையாகப் பார்க்கத் தொடங்கி, பஞ்சடைத்த விலங்குகளிடமே ஒரு மணி நேரம் செலவழித்து, செப்புத்திருமேனிகளுக்கு வரும்போது பிள்ளைகள் தூங்கிவழிய, பெரியவர்கள் உட்கார நாற்காலி தேடுவார்கள். தலைகீழாகப் போங்கள். முதலில் செப்புத்திருமேனிக் கூடம், அங்கே திருவாலங்காட்டு நடராசரும் அர்த்தநாரியும். அடுத்து அமராவதிச் சிற்பங்கள்: கிருஷ்ணா நதிக்கரைப் பௌத்தத் தூபியிலிருந்து வந்த வெளிர் சுண்ணாம்புக் கற்கள். அதற்குப் பிறகு நேரம் இருந்தால் மற்றவை. பத்து மணிக்குள் நுழைந்தால் பள்ளிக் கூட்டம் வருவதற்குள் இந்த இரண்டையும் முடிக்கலாம். அமராவதியில் தோண்டிய எலியட் வேறு, பெசன்ட் நகரின் எலியட்ஸ் கடற்கரைக்குப் பெயர் கொடுத்த எலியட் வேறு. விருந்தாளிகளில் ஒருவராவது கேட்பார்.

நடக்கிற தூரத்தில், எழும்பூர் ரயில் நிலையத்துக்கு அருகே புனித ஆண்ட்ரூஸ் தேவாலயம், 1821. கூவத்தை ஒட்டிய சேற்று மண்ணில் சாதாரண அடித்தளம் நிற்காது என்று வரிசையாகக் கிணறுகள் இறக்கி அதன்மேல் எழுப்பிய வட்டக் கட்டடம். உள்ளே நின்று நீலக் குவிமாடத்தை அண்ணாந்து பார்க்கப் பத்து நிமிடம் போதும்.

புனித ஜார்ஜ் கோட்டையையும் சேர்க்க ஆசைப்பட்டால் ஆளுக்கு ஓர் அடையாள அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அருங்காட்சியகமும் கோட்டையும் ஒரே நாளில் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. இரண்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்ப்பவை, சலித்துவிடும்.

அடையாறு பக்கம் இதற்கு ஈடாக ஒன்று சொல்லலாம்: அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010-இல் திறந்த ஒன்பது மாடிக் கட்டடம். முதல் மாடியில் குழந்தைகள் பிரிவு. குளிர்சாதனம், சுத்தமான கழிப்பறை, உணவகம். மே மாத மதியம் பன்னிரண்டு முதல் மூன்று வரை அடையாறு பக்கம் வேறு எங்கும் இருக்க முடியாது என்பதால் இதைத் திட்டத்தில் கட்டாயம் வையுங்கள். பையைக் கீழே வைத்துவிட்டுத்தான் மேலே விடுவார்கள். மாத்திரையையும் பர்ஸையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெசன்ட் நகரில் அஷ்டலட்சுமி கோயில், 1976-இல் குடமுழுக்கு கண்டது. எட்டு லட்சுமியையும் தரிசிக்கப் படியேறி, வளைந்து, மேல்தளம் போய் இறங்க வேண்டும். பாட்டியைக் கூட்டிப் போகுமுன் இதைச் சொல்லிவிடுங்கள். பக்கத்தில் வேளாங்கண்ணி மாதா கோயில். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை திருவிழா, அந்த நாள்களில் கார் எடுக்கவே வேண்டாம். கடற்கரையிலுள்ள வெள்ளை வளைவு, 1930-இல் மூழ்கியவரைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டென்மார்க்காரர் கார்ல் ஷ்மிட்டின் நினைவிடம். அது எதற்கு அங்கே நிற்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கடல் அன்றும் இன்றும் அதே கடல்தான்.

வாங்க

பாந்தியன் சாலையில், அருங்காட்சியகத்துக்கு அருகிலேயே கோ-ஆப்டெக்ஸ் தலைமை விற்பனையகம். தமிழ்நாட்டுக் கைத்தறி எல்லாம் ஒரே கூரையின்கீழ்: காஞ்சிபுரம், ஆரணி, திருபுவனம், செட்டிநாடு கண்டாங்கி, சுங்குடி, பவானி ஜமுக்காளம். தீபாவளியை ஒட்டித் தள்ளுபடி வரும், கூட்டமும் வரும். அங்கே பட்டு எடுப்பவர்கள் ஒரு நிமிடம் புடவையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கோர்வைப் புடவை என்றால் உடலும் கரையும் தனித்தனி நாடாவால் (ஊடுநூலைக் குறுக்கே ஓட்டும் ஓடம்) நெய்து, இடையில் கோத்திருப்பார்கள். அந்த இணைப்பில் ஒரு மெல்லிய பல்வரிசை பின்பக்கம் தடவினால் விரலில் தட்டும். முந்தி நிறம் மாறும் இடத்தில் பழைய பாவு நூலையும் (நீள நூல்) புதிய பாவு நூலையும் இழை இழையாக முறுக்கிச் சேர்த்த பிட்னிக் கோடு இருக்கும். இரண்டும் இல்லாமல் கரை ஒரே பிசிறில்லாமல் ஓடினால் அது கோர்வை இல்லை. மோசம் என்று அர்த்தமில்லை, ஆனால் கோர்வைக்கான விலையைக் கொடுக்கக் கூடாது.

அண்ணா சாலைக்கு வந்தால் அரசின் கைவினைப்பொருள் கடையான பூம்புகாரும் காதி பவனும். பூம்புகாரில் சுவாமிமலைச் சிலை வாங்குவதானால் எடையைப் பாருங்கள், பீடத்தின் அடியைத் திருப்பிப் பாருங்கள். மெழுகு வார்ப்பில் ஒரு சிலைக்கு ஓர் அச்சுதான், உடைத்தே எடுப்பார்கள். அதனால் ஒரே உருவம் இரண்டு இருந்தாலும் முகம் அச்சாக ஒன்றுபோல் இருக்காது. பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பிடித்த முகத்தைத் தேர்ந்தெடுங்கள். ஊருக்குப் போகிறவர்களுக்கு உடையாமல் எடுத்துப் போக வேண்டும் என்றால் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை வேண்டாம், சின்னக் குத்துவிளக்கே உத்தமம்.

புத்தகத்துக்கு 1904-ஆம் ஆண்டுக் கட்டடத்தில் ஹிக்கின்பாதம்ஸ். எலெக்ட்ரானிக் சாமானுக்கு ரிச்சி தெரு: கடையிலேயே ஓட்டிப் பார்த்து, பில் வாங்கிக்கொண்டு நகருங்கள். தெருவை விட்டு வெளியே வந்தபின் மாற்றித் தருவார்கள் என்ற நம்பிக்கை வேண்டாம். மால் வேண்டும் என்பவர்களுக்கு ராயப்பேட்டையில் எக்ஸ்பிரஸ் அவென்யூ.

அடையாறு பக்கம் எல்.பி. சாலையிலும் பெசன்ட் நகரிலும் கடைகள் நிறைய. ஆனால் அவை அங்கே குடியிருப்பவர்களுக்கான கடைகள், எந்த ஊரிலும் கிடைக்கும் சரக்கு. ஒரே விதிவிலக்கு திருவான்மியூர் கலாக்ஷேத்ரா. 1936-இல் நடனக் கலைஞர் ருக்மிணி தேவி தொடங்கிய கலை நிறுவனத்தின் கைவினைப் பிரிவில் தறியும் கலம்காரியும் இருக்கின்றன. அடர்ந்த நிறம், அகலக் கரை என்று அந்தப் புடவைகளுக்குத் தனி முகம். வார நாள் காலையில் போவதே சரி.

போய்வர

இரண்டு கரையையும் ஒரே பறக்கும் ரயில் தடம் தொடுகிறது என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. சிந்தாதிரிப்பேட்டை நிலையம் கூவக்கரையில், கிரீன்வேஸ் சாலையும் கோட்டூர்புரமும் அடையாற்றின் இரு பக்கம். இரண்டுக்கும் இடையில் அதே தடத்தில் சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம், திருமயிலை. கட்டணம் மிகக் குறைவு. நிலையங்கள் உயரம், எஸ்கலேட்டர் ஓடாவிட்டால் படியேற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் குறைவு. இருட்டிய பிறகு வெறிச்சோடிய நிலையங்களில் குடும்பத்தோடு காத்திருக்க வேண்டாம், பேருந்தோ ஆட்டோவோ பிடியுங்கள்.

எழும்பூருக்கு மெட்ரோவே வசதி. அண்ணா சாலைக் கடைகளுக்கு அரசினர் தோட்டம் அல்லது எல்ஐசி மெட்ரோ. அடையாறு பக்கம் மெட்ரோ இரண்டாம் கட்ட வேலைகளால் திருப்பிவிடும் சாலைகள் அடிக்கடி மாறும். கூகுள் காட்டும் நேரத்தோடு இருபது நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டையும் ஒரே நாளில் முடிக்கலாமா என்றால், வெள்ளியும் ஞாயிறும் தவிர மற்ற நாள்களில் முடியும். காலை ஆறரைக்கு பெசன்ட் நகர் கடற்கரையும் முகத்துவாரமும், எட்டரைக்கு ஆலமரம், பத்தரைக்கு டிபன். அங்கிருந்து ஆட்டோவில் கோட்டூர்புரம் நிலையம், ரயிலில் சிந்தாதிரிப்பேட்டை, ஆட்டோவில் எழும்பூர் அருங்காட்சியகம். மதியச் சாப்பாட்டுக்குப் பின் கோ-ஆப்டெக்ஸ், மாலை திருவல்லிக்கேணி ரத்னா கபேயில் இட்லி மூழ்கும்படி சாம்பார், ஆறு மணிக்கு நேப்பியர் பாலம். இந்தத் திட்டத்தில் கிண்டி கிடையாது. பத்து வயதுக்குக் கீழ் பிள்ளைகள் இருந்தால் இதை முயல வேண்டாம், மதியத்துக்குள்ளேயே அழுகை ஆரம்பித்துவிடும். அவர்களுக்கு அடையாறு மட்டும்: காலை கடற்கரை, மதியம் நூலகம், மூன்று மணிக்குச் சிறுவர் பூங்கா.

அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் நடுவரை எந்தத் திட்டம் போட்டாலும் முதல் நாள் இரவு செய்தியைப் பாருங்கள். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றுக்குத் தண்ணீர் திறக்கிறார்கள் என்றால் கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, முகத்துவாரம் எல்லாம் பட்டியலிலிருந்து அடித்துவிட வேண்டியதுதான். அந்த நாளைக்கு எழும்பூர் அருங்காட்சியகம். வெள்ளிக்கிழமையாக இருந்தால் வீட்டில் பஜ்ஜி.